ஒன்பதாம் வகுப்பில் சறுக்கிய மதிப்பெண்: எந்தக் கல்லூரி வாசலில் அதற்கு எவ்வளவு எடை?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஆறு பாடங்கள், இரண்டு பருவங்கள். இரண்டு பாடங்களில் 'ஏ' (4 புள்ளி), இரண்டில் 'பி' (3), இரண்டில் 'சி' (2) பெற்று, நான்குக்கு 3.0 என்ற சராசரியோடு ஆண்டை முடித்திருக்கிறாள். அடுத்த வாரமே பெற்றோருக்கு இரண்டு வகையான ஆலோசனைகள் வந்துவிடும். ஒரு சாரார், ஒன்பதாம் வகுப்பை யாரும் பார்ப்பதில்லை என்பார்கள். மற்றொரு சாரார், நல்ல கல்லூரிக் கனவு இத்தோடு முடிந்தது என்பார்கள். இரண்டுமே ஏதோ ஒரு கல்லூரியைப் பொறுத்தவரை உண்மைக்கு அருகில் நிற்பவை. எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாகச் சொல்லும்போதுதான் தவறாகிவிடுகின்றன. ஆகவே இந்த மாணவிக்கு முன்னுள்ள பாதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் அந்த 3.0 எவ்வளவு கனக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

தமிழ்நாட்டில் படித்து இங்கே குடியேறிய பெற்றோருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பிளஸ் டூ தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்து 200க்கு வரும் கட்-ஆஃப் ஒன்றே பொறியியல் இடத்தை முடிவுசெய்யும் முறையில் வளர்ந்தவர்கள் நாம். ஒன்பதாம் வகுப்பில் என்ன வாங்கினோம் என்று அண்ணா பல்கலைக்கழகம் யாரையும் கேட்டதில்லை. கடைசி ஆண்டில் கண்விழித்துப் படித்து எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த முறையிலிருந்து வந்தது. அமெரிக்க முறையில் கடைசி ஆண்டுதான் மிகக் குறைவாகக் கணக்கில் வருகிறது.

காரணம் எளிய கணக்கு. கல்லூரி விண்ணப்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே போய்விடுகின்றன. அப்போது கையில் இருப்பவை ஆறு பருவங்களின் மதிப்பெண்கள் மட்டுமே. அவற்றில் இரண்டு ஒன்பதாம் வகுப்பினுடையவை. நான்கு ஆண்டுப் படிப்பில் கால் பங்கு என்று நாம் நினைப்பது, விண்ணப்ப நாளன்று மூன்றில் ஒரு பங்காக நிற்கிறது. நம் மாணவி பத்தாம் வகுப்பில் 3.5, பதினொன்றாம் வகுப்பில் 3.9 என்று ஏறிவிட்டாள் என்று கொள்வோம். மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் சராசரி 3.47, ஒன்பதாம் வகுப்பை விட்டுவிட்டால் 3.70. ஒரே பிள்ளைக்கு இரண்டு எண்கள். எந்தக் கல்லூரி எந்த எண்ணை எடுக்கிறது என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன.

இந்த மாணவிக்கு மிகவும் சாதகமான வாசல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு, அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ உள்ளிட்ட யூசி வளாகங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடைவிடுமுறை தொடங்கி, பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடைவிடுமுறை வரை படித்த, 'ஏ-ஜி' என்று அழைக்கப்படும் அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் மதிப்பெண்களை மட்டுமே யூசி தன் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கணக்கில் சேர்க்கிறது. 'ஏ பிளஸ்', 'ஏ மைனஸ்' என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஏபி (கல்லூரித் தரத்திலான பாடம்), ஹானர்ஸ் போன்ற கடினமான பாடங்களுக்குப் பருவத்துக்கு ஒரு கூடுதல் புள்ளி உண்டு. ஆனால் மொத்தம் எட்டுப் பருவங்களுக்கு மேல் கிடையாது, அவற்றிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுக்க முடியாது. நம் மாணவி எட்டுப் புள்ளிகளையும் ஈட்டினால், ஆறு பாடங்கள், நான்கு பருவங்கள் என 24 பருவ மதிப்பெண்களின்மேல் அவை பரவி, 3.70 என்பது ஏறத்தாழ 4.03 ஆகும். சேர்க்கைக்குப் பரிசீலிக்கப்படக் கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குக் குறைந்தபட்சம் 3.0, வெளிமாநிலத்தவருக்கு 3.4 போதும் என்றாலும், அந்தக் குறைந்தபட்சத்துக்கும் உண்மையில் இடம் கிடைக்கும் நிலைக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. 1,45,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கும் யூசிஎல்ஏவுக்கு 4.03 மெலிந்த எண். சான்டா குரூஸ், ரிவர்சைடு, மெர்செட் போன்ற வளாகங்களில் அது நம்பிக்கையோடு முன்வைக்கத்தக்க எண்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, கணக்கில் சேர்க்காதது வேறு, கண்ணில் படாதது வேறு. விண்ணப்பத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களையும் மதிப்பெண்களையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்; ஜிபிஏயில் அவை இல்லாவிட்டாலும், விண்ணப்பத்தைப் படிப்பவர் அவற்றைப் பார்க்கிறார். இரண்டாவது, 'ஏ-ஜி' தேவைக்கு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 'சி' வேண்டும். 'டி' அல்லது 'எஃப்' வாங்கிய பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். 'சி' வாங்கியதை மெருகேற்றுவதற்காகத் திரும்பப் படித்தால் யூசி அந்தப் புதிய மதிப்பெண்ணை ஏற்பதில்லை. கணிதத்திலும் பிறமொழியிலும் மட்டும் ஒரு சலுகை உண்டு: அடுத்த படிநிலைப் பாடத்தில் 'சி' வாங்கினால் முந்தைய படிநிலையின் குறைபாடு தேவையைப் பொறுத்தவரை நீங்கிவிடும். எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளை யூசி சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. ஆகவே தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி ஜிபிஏ குறையை ஈடுகட்டும் வழி அங்கே கிடையாது. பள்ளியில் பத்து, பதினொன்றாம் வகுப்புகளின் எடை மேலும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவின் மற்றொரு அமைப்பான கால் ஸ்டேட்டும் இதே போன்ற காலவரம்பையே பின்பற்றுகிறது. மாநில உதவித்தொகையான கால் கிராண்டும் பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

டெக்ஸஸ் மாநிலத்தில் நிலைமை நேர் எதிரானது. 1996இல் ஹாப்வுட் வழக்குத் தீர்ப்பு இன அடிப்படையிலான சேர்க்கையைத் தடைசெய்தபின், 1997இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகம் இந்த வழியிலேயே நிரம்பத் தொடங்கியதால், 2009இல் அதற்கு மட்டும், டெக்ஸஸ் மாணவருக்கான முதலாண்டு இடங்களில் 75 விழுக்காடு என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதன் விளைவாக அங்கே தானியங்கி இடத்துக்கான எல்லை சில ஆண்டுகள் ஆறு விழுக்காடாக இருந்து, 2026 இலையுதிர் சேர்க்கைக்கு ஐந்து விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. இந்தத் தரவரிசையைப் பள்ளிதான் நிர்ணயிக்கிறது. பதினொன்றாம் வகுப்பு முடிவில் உள்ள வரிசை எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பு அதில் முழுமையாக இருக்கிறது. சில கல்வி மாவட்டங்களில், எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளி மதிப்பில் படித்த இயற்கணிதம்கூடக் கணக்கில் ஏறிவிடும்.

500 பேர் படிக்கும் ஒரு வகுப்பில் ஐந்து விழுக்காடு என்றால் 25 பேர். ஃபிரிஸ்கோ, பிளேனோ போன்ற டாலஸ் புறநகர்களில் போட்டி கடுமையான ஒரு பள்ளியில், 20ஆம் இடத்துக்கும் 40ஆம் இடத்துக்கும் உள்ள இடைவெளி ஓரிரு 'பி'க்களாக மட்டுமே இருக்கக்கூடும். அங்கே நம் மாணவியின் 3.0, தானியங்கி வாசலை முதல் ஆண்டிலேயே சாத்திவிடுகிறது என்று சொல்வதில் மிகையில்லை. அதற்குப் பிறகும் ஆஸ்டினுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் டெக்ஸஸ் மாணவருக்கான இடங்களில் மீதமுள்ள 25 விழுக்காட்டுக்கு, தானியங்கி எல்லைக்குள் வராத மற்ற டெக்ஸஸ் மாணவரோடு போட்டியிட வேண்டும். எல்லைக்குள் வந்தவருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம்தான் உறுதி. கணினி அறிவியலோ வணிகமோ போன்ற குறிப்பிட்ட துறை உறுதியில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பாடத்தைத் தேர்வுசெய்வது என்ற கேள்விக்கு, இந்த இரண்டு மாநிலங்களும் தரும் விடைகள் முரண்படுவதைக் கவனிக்க வேண்டும். டெக்ஸஸில் ஒன்பதாம் வகுப்பிலேயே ஏபி மனிதப் புவியியல் எடுப்பது பரவலான வழக்கம். தரவரிசையில் கடினமான பாடத்துக்குக் கூடுதல் எடை இருப்பதால், அதைத் தவிர்ப்பவர் பின்தங்குவார். கலிஃபோர்னியாவில் அதே பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் எடுத்தால் யூசி ஜிபிஏயில் ஒரு புள்ளியும் சேராது. நண்பர் ஒருவர் ஹூஸ்டனிலிருந்து தொலைபேசியில் சொல்லும் அறிவுரையை சான் ஹோசேயில் அப்படியே பின்பற்றுவது, வேறு ஊர் ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு நம் ஊர் நிலையத்தில் காத்திருப்பதைப் போன்றது. ஜார்ஜியாவில் ஒன்பதாம் வகுப்புக்குப் பண மதிப்பும் உண்டு: அந்த மாநிலத்தின் ஹோப் உதவித்தொகைக்கு 3.0, ஜெல் மில்லர் உதவித்தொகைக்கு 3.7 என்ற எல்லைகள், ஒன்பதாம் வகுப்பு முதலான முக்கியப் பாடங்களைக் கொண்டு மாநிலமே கணக்கிடும் சராசரியின் மீது வைக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது வாசல், பெரும்பாலான பெற்றோரின் மனத்தில் முதலில் நிற்பது: ஹார்வர்டு, எம்ஐடி, டியூக் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள். இங்கே சட்டத்தால் வகுத்த சூத்திரம் எதுவும் இல்லை; நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியல் முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். மெல்ல ஏறிவரும் பட்டியலை அவர்கள் அனுதாபத்தோடு பார்ப்பார்கள் என்று பலர் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த அனுதாபத்தின் அளவை மிகைப்படுத்திவிடக் கூடாது. ஹார்வர்டு மீது தொடரப்பட்ட சேர்க்கை வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது வெளியான விவரங்களின்படி, ஒரே ஆண்டில் உள்நாட்டு விண்ணப்பதாரர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் முழுமையான ஜிபிஏ வைத்திருந்தார்கள்; முதலாண்டில் இருந்த இடங்களோ 1,700க்கும் குறைவு. ஏறிவந்த மாணவியின் கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவள் எப்போதும் மேலேயே இருந்தவர்கள் நிறைந்த வரிசையில் நிற்கிறாள். நூற்றில் நால்வருக்கு இடம் தரும் கல்லூரியில் 3.47 என்ற எண், அசாதாரணமான வேறொன்று உடன் இல்லாவிட்டால், பெரும்பாலும் போதாது. நூற்றில் 30, 40 பேருக்கு இடம் தரும் நல்ல தனியார் கல்லூரிகளில் அதே கதைக்குச் செவிசாய்க்க நேரமும் இடமும் இருக்கும். நம் பெற்றோர் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பெயர் கேள்விப்படாத காரணத்தாலேயே ஒதுக்கிவிடுவது வருந்தத்தக்கது. ஆனால் தனியார் கல்லூரியில் உணவு, தங்குமிடம் சேர்த்து ஆண்டுச் செலவு பல இடங்களில் 80,000 டாலரைத் தாண்டுகிறது என்பதையும் அந்த ஒப்பீட்டில் வைக்க வேண்டும்.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு நுட்பமான முடிவு காத்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் முடியும் முன்சேர்க்கைச் சுற்றில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று நம்பி எல்லாரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். ஏறிவரும் மாணவிக்கு வழக்கமான சுற்றே நல்லதாக இருக்கக்கூடும். ஏனெனில் அந்தச் சுற்றில், பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவ மதிப்பெண்களை இடையாண்டு அறிக்கையாகப் பள்ளிக் கவுன்சிலர் (மாணவர்களுக்கான ஆலோசகர்) அனுப்புகிறார். அந்தப் பருவத்தில் அவள் 4.0 எடுத்தால் மொத்தச் சராசரி 3.54 ஆக உயரும். ஒன்பதாம் வகுப்பின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஏழில் இரண்டாகக் குறையும். எண்ணைவிட முக்கியமாக, ஏற்றம் தற்செயலானதன்று என்பதற்கு ஐந்தாவது சான்றாக ஒரு பருவம் கூடுதலாகக் கிடைக்கும்.

இதுவரை எண்களைப் பற்றிப் பேசினோம். என் கணிப்பில், ஒன்பதாம் வகுப்பு விட்டுச்செல்லும் பெரிய இழப்பு எண்ணில் இல்லை. பாடப் படிக்கட்டில் இருக்கிறது. யூசி போன்ற அமைப்புகூட ஒன்பதாம் வகுப்பைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டாலும், இந்தப் படிக்கட்டிலிருந்து யாரையும் விலக்கிவிட முடியாது. ஒன்பதாம் வகுப்பில் வடிவியல் படித்தவர் பத்தில் இரண்டாம் நிலை இயற்கணிதம், பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி கால்குலஸ் என்று போகிறார். ஒன்பதில் முதல் நிலை இயற்கணிதத்தில் இருப்பவர் பன்னிரண்டில் பிரீகால்குலஸோடு நின்றுவிடுகிறார். எம்ஐடி கால்குலஸ் வரை கணிதம் படித்திருக்கப் பரிந்துரைக்கிறது. கடும் போட்டியுள்ள பொறியியல் துறைகளுக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலோர் அதை முடித்தவர்களாகவே இருக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014 முதல் எட்டாம் வகுப்பில் முதல் நிலை இயற்கணிதத்தை நிறுத்தியதும், பெற்றோர் பல ஆண்டுகள் போராடி 2024இல் அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்ததும் இந்தப் படிக்கட்டைப் பற்றிய சண்டைதான்.

ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் 'சி' வாங்கிய மாணவியை, பத்தாம் வகுப்பில் ஹானர்ஸ் வேதியியலுக்குப் பல பள்ளிகள் அனுப்புவதில்லை; முந்தைய ஆண்டு மதிப்பெண்ணோ ஆசிரியரின் பரிந்துரையோ வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். பத்தில் ஹானர்ஸ் இல்லையென்றால் பதினொன்றில் ஏபி எடுப்பது கடினமாகிறது. அப்படிப் பார்த்தால், மேலே நாம் 4.03 என்று கணக்கிட்ட எண் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: எட்டுக் கூடுதல் புள்ளிகளை ஈட்டும் வகுப்புகளுக்குள் அவள் நுழைந்தாக வேண்டும். நுழைய முடியாவிட்டால் அவள் எண் 3.70இலேயே நிற்கும். யூசி மறந்துவிட்டதாகச் சொல்லும் ஒன்பதாம் வகுப்பு, இந்த வழியாகச் சத்தமில்லாமல் திரும்பி வருகிறது. எனவே ஜூன் மாதத்தில் பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, சராசரியைக் கூட்டிப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, அடுத்த ஆண்டுப் பாடப் பட்டியலில் எந்தக் கதவு அடைபட்டிருக்கிறது என்று கவுன்சிலரைச் சந்தித்துக் கேட்பது.

அந்தப் படிக்கட்டைச் சரிசெய்யும் வாய்ப்பு உடனே வரும் கோடைவிடுமுறையில் இருக்கிறது. யூசி கணக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பிந்தைய கோடையில் தொடங்குவதால், அப்போது எடுக்கும் பாடம் கணக்கில் ஏறும். அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி), யூசிக்கு மாற்றத்தக்க பாடம் ஒன்றை உயர்நிலைப் பள்ளி மாணவராகவே எடுத்தால் அதற்கு ஹானர்ஸ் புள்ளியும் உண்டு. கலிஃபோர்னியாவில் அதற்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணமும் இல்லை. மருத்துவம் படிக்க வைக்கும் எண்ணம் உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்தே கேட்கிறது. பதினைந்து வயதில் அவசரமாக எடுத்து 'சி' வாங்கிய கல்லூரிப் பாடம், இருபத்திரண்டு வயதிலும் கூடவே வரும். தயாராக இல்லாத பிள்ளையை இதில் தள்ளுவது, ஒரு கறையைத் துடைக்கப் போய் அழியாத மையைக் கொட்டுவதாகிவிடும்.

நான்காவது வாசல் கம்யூனிட்டி காலேஜ் வழியாக மாறிச் செல்வது. நம் சமூகத்தில் இதைத் தோற்றவர்களின் வழியாகப் பேசுகிறார்கள். விதிகளைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. இரண்டு ஆண்டுகளில் 60 செமஸ்டர் யூனிட்டுகளை முடித்து மூன்றாம் ஆண்டில் யூசிக்கு மாறும் மாணவியின் கல்லூரி மதிப்பெண்களே அங்கே முடிவுசெய்கின்றன; பள்ளிக்கால ஜிபிஏ ஒன்பதாம் வகுப்போடு சேர்ந்து முற்றிலும் பின்னுக்குப் போய்விடுகிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், வகுக்கப்பட்ட பாடங்களையும் சராசரியையும் எட்டியவருக்கு முன்கூட்டியே இட உறுதி தருகின்றன. ஒருவர் ஒரு வளாகத்தோடு மட்டுமே அந்த ஒப்பந்தத்தைச் செய்யலாம், செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உறுதி தராத யூசிஎல்ஏகூட, மாறிவர விண்ணப்பிப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைச் சேர்க்கிறது. பள்ளியிலிருந்து நேராக விண்ணப்பிப்போருக்கு அது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூசியில் ஓராண்டுக் கல்விக் கட்டணமே 14,000 டாலருக்கு மேல். குறைகளும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளின் விடுதி வாழ்க்கையும் ஆய்வகத் தொடர்புகளும் கிடைக்காது. கணினி அறிவியல் போன்ற துறைகளில் மாறிவருவோருக்கும் நெரிசல் உண்டு. இரண்டு ஆண்டுகளில் முடிக்காமல் தேங்கிப் போகிறவர்கள் பலர். தனியார் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை மாறிவருவோரிடமும் பள்ளி மதிப்பெண் பட்டியலைக் கேட்பதால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து விடுபடும் இந்த நன்மை முதன்மையாக அரசு அமைப்புக்குள் மட்டுமே.

எல்லை தாண்டிய வாசலையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே பார்க்கிறது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அமெரிக்க மாணவரிடம் பல ஏபி தேர்வுகளில் 5 என்ற உச்ச மதிப்பெண்ணை எதிர்பார்க்கின்றன. ஒன்பதாம் வகுப்புச் சராசரி அங்கே பேச்சிலேயே வராது. ஒரே பாடத்தில் ஆழ்ந்த ஈடுபாடும், அந்த வெளிநாட்டுக் கட்டணத்தைத் தாங்கும் வசதியும் இருந்தால் மட்டும் இது பொருந்தும். பள்ளியை மாற்றி ஒன்பதாம் வகுப்பையே மறுபடி படிக்க வைப்பது என்று சிலர் யோசிக்கிறார்கள். ஓர் ஆண்டையும் நண்பர்களையும் இழப்பதற்கு ஈடான பலன் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் மாணவி கலிஃபோர்னியாவில் வசித்தால், அவளுடைய முதன்மைப் பாதையாக யூசியையும் கால் ஸ்டேட்டையும் வைத்து, நூற்றில் 30, 40 பேருக்கு இடம் தரும் தனியார் கல்லூரிகள் நான்கைந்தை வழக்கமான சுற்றில் சேர்த்து, கம்யூனிட்டி காலேஜை வெட்கமில்லாத மாற்று ஏற்பாடாக வீட்டில் வெளிப்படையாகப் பேசி வைத்திருப்பேன். டெக்ஸஸில் வசித்தால் தானியங்கி இடத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, கட்டுரைகளும் செயல்பாடுகளும் எடைபோடப்படும் முழுமையான பரிசீலனைக்கு அவளைத் தயார்செய்வேன். வெளிமாநிலத்தவராக யூசிக்கு விண்ணப்பிப்பது பணம் தாங்குமானால் மட்டும். ஒன்பதாம் வகுப்பில் உடல்நலக் குறைவோ, குடும்பத்தில் ஒரு மரணமோ, இந்தியாவிலிருந்து நடு ஆண்டில் வந்து சேர்ந்த குழப்பமோ உண்மையில் இருந்திருந்தால், விண்ணப்பத்தின் கூடுதல் விவரப் பகுதியில் அதை மூன்று வரிகளில், தேதியோடு, புலம்பலின்றி எழுதச் சொல்வேன். அதையே கவுன்சிலரின் கடிதமும் உறுதிப்படுத்துமாறு பதினொன்றாம் வகுப்பு முடியும் முன்பே அவரிடம் பேசச் சொல்வேன். அப்படிக் காரணம் எதுவும் இல்லாமல், வெறுமனே பதினான்கு வயதின் கவனச் சிதறலாக இருந்தால், அந்தப் பகுதியைக் காலியாகவே விடலாம். பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்கள் பட்டியலில் அடுத்த வரிகளிலேயே இருக்கின்றன.